மூன்று விரல் வலை

பரீனாவின் கடை என் கடைக்குப் பக்கத்துக் கடை. நான் அரிசி, பருப்பு விற்கிறவன். அவர் மீன்வலை விற்கிறவர். இருபத்தோராம் ஆண்டு ஓகஸ்டில் கொரோனாவுக்காக முல்லைத்தீவையும் முடக்கியபோது என் கடையைத் திறக்கலாம் என்றார்கள், அவருடையதைப் பூட்டச் சொன்னார்கள். மீன் பிடிக்கலாமாம், மீன் விற்கலாமாம், வலை மட்டும் அத்தியாவசியப் பொருள் இல்லையாம். மீன் தானாக நடந்து கறிச்சட்டிக்குள் வரும் என்று யாரோ நினைத்திருக்க வேண்டும். எனக்கு அந்தக் கோபம் இன்றைக்கும் ஆறவில்லை.

பரீனா கோபப்படுகிற ஆள் இல்லை. தொண்ணூறில் புலிகள் வடக்கு முஸ்லிம்களைப் போகச் சொன்னபோது, பத்து வயதில், உடுப்புப் பை ஒன்றோடு இந்த ஊரை விட்டு வெளியேற்றப்பட்டவர். புத்தளத்தில் வளர்ந்து, அங்கேயே ஜவாஹிரைக் கட்டி, சண்டை முடிந்த பிறகு இருவருமாகத் திரும்பி வந்து வலைக்கடை போட்டார்கள். பிள்ளைகள் இல்லை. முடக்கத்துக்கு முந்தின வருடக் கடைசியில் ஜவாஹிர் மாரடைப்பில் மௌத்தானார். கணவனை இழந்தவள் என்று நாலு மாதம் வீட்டுக்குள் இத்தா இருந்து முடித்ததும் பரீனா தானே கடையைத் திறந்தார். அதுவரை அவர் கடைக்குள் வந்தது கணவருக்கு மத்தியானச் சாப்பாடு கொடுக்க மட்டுந்தான்.

ஜவாஹிரின் தம்பி றம்சீனுக்கு இது பிடிக்கவில்லை. கடை நிற்கிற காணி அவர்களுடைய வாப்பாவின் பெயரில் இருந்ததால் அவர் சொல்லுக்குப் பலமும் இருந்தது. புத்தளத்திலிருந்து தொலைபேசியில் தவணை வைத்தார். "செப்டெம்பர் முடியுமட்டும் பாருங்க மதினி. சரிவராட்டி கடையைக் குடுத்திட்டு இங்க வந்திடுங்க."

கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை. தனியே இருக்கிற பெண்ணைப் பற்றிய கவலைதான். ஆனால் பரீனாவுக்கு இந்த ஊரை இன்னொரு முறை விட்டுப் போக மனமில்லை. கடை பூட்டிக் கிடந்த அந்த இரண்டு கிழமையும் அவர் வாசலில் கதிரையைப் போட்டுக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடி இருந்தார்.

செப்டெம்பர் தொடக்கத்தில் அனுமதி வந்தது. அத்தியாவசியம் இல்லாத பொருட்களையும் வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கலாம், ஆனால் கடைக்குள் ஆட்களை எடுக்கக் கூடாது. பரீனா அன்றைக்கே ஊரடங்குப் பாஸ் எடுத்துவிட்டார். முதல் அழைப்பு தோமஸிடமிருந்து வந்தது. கரையில் தேவாலயத்தடியில் இருக்கிறவர். அவர் நல்லது என்றால் கரை முழுக்க நல்லது.

"தங்கச்சி, களப்பில திரளி மீன் படுது. மூண்டு விரல் வலை ஒண்டு அனுப்புங்கோ."

வலைக் கண்ணை எங்கள் கரையில் விரலால்தான் அளப்பார்கள். மூட்டையில் அங்குலம் ஒட்டியிருக்கும், அதை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கடைக்கு வருகிறவர்கள் தாங்களே மூட்டையை இழுத்து, கண்ணுக்குள் தங்கள் விரலை விட்டு, இறுக்கம் பார்த்து எடுத்துக்கொண்டு போவார்கள். பரீனாவுக்கு அளக்கிற வேலையே வந்ததில்லை. அன்றைக்குத் தன் மூன்று விரலை விட்டுப் பார்த்தார். அளவாக இருந்தது. கட்டித் தந்தார், என் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டுபோய்க் கொடுத்தேன். பக்கத்தில் நின்று பார்த்த எனக்கும் ஒன்றும் உறைக்கவில்லை. மண்டைக்குள் களிமண் என்று என் மனைவி சொல்வது சும்மா இல்லை.

பின்னேரம் தோமஸின் மனைவி சுசிலா பேசினார்.

"பரீனா அக்கா, இவற்ற ரெண்டு விரலே இந்தக் கண்ணுக்குள்ள போகுதில்லை. இதைப் போட்டா குஞ்சு குருமான் எல்லாம் அள்ளுப்படும். மனுசன் வலையைத் தொடாமல் இருக்கிறார்."

பரீனாவின் முகம் வெளிறிப்போனது. அதற்குள் இன்னும் பதினொரு வீட்டிலிருந்து வலை கேட்டிருந்தார்கள், எல்லாம் தோமஸ் சொல்லித்தான். அந்தப் பெண்ணுக்கு வலை தெரியாது என்று அவர் வாயிலிருந்து ஒரு சொல் விழுந்தால் கடையின் கதை முடிந்தது. றம்சீன் மாதம் முடியக் காத்திருக்கவும் தேவையில்லை.

"நீ இரு தங்கச்சி, நான் போய் மாத்திக் குடுக்கிறன்" என்றேன்.

"இல்லை அண்ணை. பிழை விட்டது நான். நானே வாறன்."

நாலு மூட்டை வலையோடு போனோம். தோமஸின் வாசல் படலைக்கு வெளியே மூட்டைகளை வைத்துவிட்டுப் பரீனா விலகி நின்றார். தோமஸ் வந்து ஒவ்வொன்றாக விரலை விட்டுப் பார்த்தார். கயிறு இழுத்துக் காய்ச்சுப்போன, என் இரண்டு விரல் பருமனில் ஒவ்வொரு விரல். மூன்றாவது மூட்டையைத் தூக்கித் தோளில் போட்டார். ஏசப்போகிறார் என்று நான் காத்திருந்தேன்.

"எல்லாரும் கடைக்கு வந்து அளப்பினம், நான் மட்டும் வாறேல்லை" என்றார். "போன் எடுத்துச் சொன்னாக் காணும். ஜவாஹிர் நானா தன்ர விரலை விட்டுப் பாத்து அனுப்புவார். அவற்ற விரலும் என்ர விரலும் ஒரே மொத்தம், தங்கச்சி. நான் அந்த நினைப்பில சொல்லிப்போட்டன்."

பரீனா அழுதுவிட்டார். ஜவாஹிரின் ஜனாஸா அன்றைக்கும் நான் காணாத அழுகை. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஓட்டோவில் கிடந்த பிஸ்கட் பெட்டி மட்டையைக் கிழித்துப் படலையோடு சேர்த்துப் பிடித்தார்.

"அண்ணை, கையை இதில வையுங்கோ."

தோமஸ் வைத்தார். விரல்களைச் சுற்றிப் பேனையால் கோடு கீறி, அவருடைய பெயரையும் எழுதிக்கொண்டார். அங்கிருந்து மற்றப் பதினொரு வீட்டுக்கும் போனோம். ஒவ்வொரு படலையிலும் ஒரு கை, ஒரு மட்டை. "பொலிசிட்டக் குடுக்கப்போறியளோ?" என்று ஒருவர் பகிடி விட்டார். பரீனா பல மாதங்களுக்குப் பிறகு சிரித்தார்.

திரும்பி வரும்போது றம்சீன் பேசினார். பரீனா மடியில் மட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்ததால் தொலைபேசியைச் சத்தமாக வைத்தார்.

"மதினி, கடை பூட்டித்தானே கிடக்குது. இன்னும் ஏன் அங்க? வந்திடுங்களேன்."

பரீனா கடைசி மட்டையையும் அடுக்கினார். பிறகு சொன்னார்:

"போன முறை எங்களை ஒருத்தரும் கேக்கேல்லை தம்பி. போகச் சொன்னாங்கள், போனம். இந்த முறை நீங்கள் கேக்கிறீங்கள். நான் வரேல்லை."