நிரப்புவதற்கும் அழுத்துவதற்கும் நடுவே ஒரு மேடு

குணசேகர் இறந்த அன்று போளூரில் அவர் வீட்டில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். அவர் மனைவி சாந்தி, ஜீப் ஓட்டும் காளி, என் பேத்தி தீபா, அவரோடு வேலை பார்த்த ரமணி, நான். காளிதான் மலைமேல் எங்கள் வீட்டுக்குச் சேதி கொண்டுவந்தான். “ஆயா, குணா சார் போய்ட்டாரு. நெஞ்சு வலிக்குதுன்னாரு, கீழ எறங்கறதுக்குள்ள வண்டிலயே...” என்று வாசலில் நின்றான். எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, பயம். இனி எங்கள் பேச்சை யார் எழுதுவார்கள்?

இணையப் பக்கங்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று இதைப் படிக்கும் குழுவினர் நீங்களெல்லாம் கூடி விதி எழுதுகிறீர்கள். அந்த விதியைத் தொகுப்பவர்களில் குணா ஒருவர். சனிக்கிழமைதோறும் போளூரிலிருந்து மலைமேல் புதூர்நாட்டுக்கு, எங்கள் பக்கத்து வீடான சாந்தியின் தாய்வீட்டுக்கு வருவார். கையில் விதியின் வரைவு இருக்கும். ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லிவிட்டுக் கேட்பார்: “இதுல எங்க பயமா இருக்குது ஆயா? பயம் வர்ற எடத்துலதான் ஓட்டை இருக்கும்.”

ஒரு தடவை சொன்னேன். எங்கள் வீட்டில் சிக்னல் கிடையாது. போனில் மனுவை வீட்டில் உட்கார்ந்து நிரப்புவோம், அப்புறம் பாறைமேட்டுக்கு ஏறிப்போய் அனுப்பும் பொத்தானை அழுத்துவோம். தீபாவின் சாதிச் சான்றுக்கு அப்படித்தான் ஏறினேன். அழுத்தினேன். பக்கம் வெள்ளையாகிவிட்டது. போனதா, போகவில்லையா, தெரியவில்லை. மறுபடி அழுத்தினால் இரண்டும் தள்ளுபடியாகும் என்று யாரோ சொன்னார்கள். பயந்து மூன்று நாள் போனைத் தொடவே இல்லை. கெடு முடிந்தது. தீபாவுக்கு ஒரு வருடப் படிப்பு போனது.

குணா வரைவைப் புரட்டினார். நிரப்பி அனுப்பக் கொடுத்த நேரம் முடியும் முன் பக்கம் எச்சரித்தால் போதும் என்று அதில் இருந்தது.

“எச்சரிச்சா நான் இன்னா, பறந்தா போவேன்? எழுதனது அப்படியே இருக்கணும். போச்சா இல்லியான்னு சொல்லணும்.”

அவர் சிரிக்கவில்லை. என்னோடு மேட்டுக்கு ஏறி, மூச்சு வாங்க நின்று, அதை என் பெயரிலேயே வரைவின் மேல் ஒரு கருத்தாகப் பதிந்தார். “இனிமே நீங்க சரின்னு சொல்ற வரைக்கும் இந்த விதி வெளிய போகாது ஆயா.”

“நான் அஞ்சாங்கிளாஸ் தம்பி.”

“அத அங்க யாரும் கேக்க மாட்டாங்க. குழு உங்களுக்கு பதில் சொல்லித்தான் ஆகணும்.”

பதில் வராமலே மாதங்கள் போயின. குணா விட்டுக்கொடுக்கவில்லை.

குணா இறந்த அன்று மதியம் போளூர் வீட்டுக்குச் சென்னையிலிருந்து ரமணி வந்தார். மாலை போட்டார், சாந்தியிடம் இரண்டு வார்த்தை பேசினார். பிறகு என் பக்கத்தில் குனிந்தார். “பாட்டி, உங்க கருத்து ஒண்ணாலதான் வெளியீடு நிக்குது. அடுத்த பதிப்புல பாத்துக்கலாம். சரின்னு சொல்லிடுங்க.” உடல் கூடத்தில் கிடந்தது. வந்த கார், வெள்ளைச் சட்டை, எல்லாரும் என்னையே பார்ப்பது போல ஒரு பயம். தலையாட்டிவிட்டேன். போளூரில் சிக்னல் உண்டு; அங்கேயே போனை எடுத்து, நான் சம்மதித்ததாக எழுதிக் கருத்தை மூடிவிட்டார்.

“ஏன் ஆயா ஆட்டன?” என்று தீபா கேட்டாள். இந்த வருடம் அவள் தங்கை அதே மேட்டில் ஏற வேண்டும்.

மூடிய கருத்தை, அதைச் சொன்னவரே வெளியீட்டுக்கு முன்னால் மறுபடி திறக்கலாம் என்று குணா ஒருமுறை சொல்லியிருக்கிறார். இன்னும் வெளியாகவில்லை என்கிறாள் தீபா. அதனால், அவரை அறிந்த உங்கள் எல்லார் முன்னாலும் எழுதுகிறேன்: எனக்குச் சம்மதமில்லை. அன்று ஆடியது என் பயம். திறந்து வையுங்கள்.

இதை எழுதும்போதும் கிழவி ஒருத்தியின் பேச்சு என்று தள்ளிவிடுவீர்களோ என்று பயம். ஆனால் பயந்த இடத்தை வாய்விட்டுச் சொல்வது ஒன்றைத்தான் குணாவிடமிருந்து நான் எடுத்து வைத்திருக்கிறேன். அதை விடமாட்டேன்.

சாவு வீட்டுக் கோபத்தை மனசில் வைக்காதே என்கிறாள் சாந்தி. தீபாவின் மனுவை விழுங்கிய பக்கத்தை எழுதியவர்கள் யாரோ, அவர்களுக்கு எங்கள் மேடு தெரியாது; அவர்களை மன்னித்துவிட்டேன். என் கருத்தைப் படித்து மேட்டைத் தெரிந்தும், பிணத்தின் பக்கத்தில் வைத்து என் தலையாட்டலை வாங்கிப்போனவரை மன்னிக்கமாட்டேன். அவர் பெயர் ரமணி.