அறுக்காமல் விட்ட வயல்

கோர்ட் வராந்தாவில் போனை சைலன்டில் போட்டுச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். பதினோரு மணிக்குள் நாலு தடவை அதிர்ந்துவிட்டது. யாரென்று பார்க்காமலே தெரியும். பாபநாசம் பக்கத்தில் நான் வி.ஏ.ஓ.வாக இருந்த ஊரில், வாய்க்காலின் கடைசியில் குத்தகைக்கு உழுத அக்கா. ஐந்தாவது தடவை படியிறங்கிப் போய் எடுத்தேன். "சார், சேத்துல இறங்குற பெல்ட் அறுப்பு மிஷின் வந்து நிக்குது. இப்ப விட்டா ஒரு வாரம் கழிச்சுத்தான் வருவாங்களாம். அறுக்கவா, வேணாமா?" என்றார்.

தை மாதத்தில் பெய்யக்கூடாத மழை பெய்து, அறுவடைக்கு நின்ற சம்பா மொத்தமும் படுத்துவிட்டிருந்தது. சேதத்தை நேரில் பார்த்து, போட்டோ எடுத்து, நிவாரணப் பட்டியலில் ஏற்றுவது என் வேலை. அந்தத் திங்கட்கிழமை மாலையோடு பட்டியல் முடிகிறது. பட்டா வைத்திருப்பவர்களுக்குக் கவலையில்லை. அக்காவுக்கோ வாய்வார்த்தைக் குத்தகை, நிலத்துக்காரர் சென்னையில். பயிர் வயலில் கிடக்கும்போதே நான் பார்த்து, சாகுபடி செய்தது இவர்தான் என்று எழுதினால்தான் உண்டு. அறுத்துவிட்டால் எதைக் காட்டுவது? அதனால்தான் சனிக்கிழமை பெரிய மனுஷன் மாதிரி சொல்லியிருந்தேன்: "அப்படியே கிடக்கட்டும்க்கா. திங்கக்கிழமை முதல் வேலையா உங்க வயலுக்குத்தான் வர்றேன்."

ஞாயிறு சாயங்காலம் ஸ்டேஷனிலிருந்து ஏட்டு கூப்பிட்டார். நாளைக்குத் தஞ்சாவூர் கோர்ட்டில் சாட்சி, வராவிட்டால் வாரன்ட்தான் என்றார். எந்தக் கேஸ் என்று நான் கேட்கவே இல்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் அரிசி ஆலை லோடுமேன் ஒருவரின் மடியிலிருந்து இரண்டு விரல் தடிமனில் ஒரு கஞ்சாப் பொட்டலம் எடுத்தார்கள். நகைக்கடையில் தராசு இரவல் வாங்கி எடை போட்டார்கள். எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டு, பறிமுதல் மகஜரில் சாட்சிக் கையெழுத்து வாங்கினார்கள். அந்த ஒரு கையெழுத்துக்காக இது எனக்கு ஆறாவது நடை.

கஞ்சாவுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அதனால் சீரழிந்த வீடுகளை என் சர்வீஸில் பார்த்திருக்கிறேன். ஆனாலும் அன்று வராந்தாவில் இருந்தவர்களைப் பார்க்கப் பார்க்க எரிச்சலாக வந்தது. ஏட்டு, சீல் வைத்த பொட்டலத்தோடு ஒரு கான்ஸ்டபிள், வேறு மாவட்டத்துக்கு மாற்றலாகி அங்கிருந்து பஸ் ஏறி வந்த எஸ்.ஐ., அப்புறம் நான். அந்த லோடுமேனும் வேலையை விட்டுவிட்டு வந்து தூணோரம் குந்தியிருந்தார். "ஸ்டேஷன்ல இன்னிக்கு ரைட்டர் மட்டும்தான் சார். மோட்டார் திருட்டுன்னு யாராவது வந்தா, நாளைக்கு வாங்கன்னு அனுப்பிடுவாரு" என்றார் ஏட்டு. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"மிஷினை அனுப்பிடுங்கக்கா, கோர்ட் வேலை முடிஞ்சு மதியத்துக்குள்ள வந்துடுறேன்" என்று போனில் அக்காவிடம் சொல்லிவிட்டேன். என்ன தைரியத்தில் சொன்னேனோ. பக்கத்து ஊர் வி.ஏ.ஓ.வைக் கெஞ்சிப் பார்த்தேன். அவருடைய ஊரே தண்ணீரில் கிடந்தது. ஒரு மணி ஆனது, மூன்று மணி ஆனது. பேர் கூப்பிடும் டவாலி வாயைத் திறக்கும்போதெல்லாம் எழுந்து நின்றேன். நாலே முக்காலுக்கு எங்கள் கேஸைக் கூப்பிட்டார்கள். லோடுமேனின் வக்கீல் வேறு கோர்ட்டில் இருக்கிறாராம். வாய்தா.

மறுநாள் விடிந்ததும் வயலுக்கு ஓடினேன். பட்டியல் முந்தின சாயங்காலமே போய்விட்டிருந்தது. சுற்றிலும் அறுத்த தாள், நடுவில் அக்காவின் பயிர் மட்டும் தண்ணீரில் படுத்துக் கிடந்தது. ஒரு கதிரைத் தூக்கிக் காட்டினார். நெல்லெல்லாம் வெள்ளை வெள்ளையாக முளைவிட்டிருந்தது. "நீங்க வருவீங்கன்னுதான் சார் விட்டு வச்சேன்" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

ஒரு வருஷம் கழித்து அந்த லோடுமேன் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினார், கேஸ் முடிந்தது. என்னைக் கூண்டில் ஏற்றவே இல்லை. இப்போது வேறு ஊரில் இருக்கிறேன். வேறு இரண்டு பொட்டலங்களுக்குச் சாட்சியாக இருக்கிறேன். போன வாரம் மழை பிடித்துக்கொண்டபோது மனசு கேட்காமல் அக்காவுக்குப் போன் போட்டேன். புது வி.ஏ.ஓ. வந்து பார்த்தாரா என்று கேட்டேன்.

"யாருக்காகவும் காத்திருக்கல சார். ஈரமா இருந்தாலும் பரவாயில்லன்னு அறுத்துக்கிட்டிருக்கேன்" என்றார். பிறகு மரியாதையாகவே சொன்னார்: "நீங்க கோர்ட் வேலையைப் பாருங்க."