நாலரைக் கட்டை

எட்டு வாத்தியம் வாசிக்கிற ஒருவரை எப்படி நம்புவது? ஒன்றை உருப்படியாகக் கற்காதவர்தான் எட்டைத் தொடுவார் என்பது என் கட்சி. என் தங்கை வெண்ணிலா அப்படிப்பட்ட ஒருவரைத்தான் கட்டிக்கொண்டாள்.

மாப்பிள்ளை அருள்மணி எங்கள் ஜவ்வாது மலைக்காரர்தான். சாமை விளைகிற நிலத்தைத் தம்பியிடம் விட்டுவிட்டுத் தெருக்கூத்து ஜமாவில், அதாவது கூத்துக் குழுவில், சேர்ந்தார். மத்தளம், ஆர்மோனியம், முகவீணை எல்லாம் அங்கே கற்றது. பிறகு திருப்பத்தூர் கல்யாண பேண்டு செட்டில் டிரம்பெட் ஊதினார். அங்கிருந்து வேலூரில், முடி வளர்த்த பையன்களோடு ராக் பேண்ட். கிதாரும் அவரே, டிரம்ஸும் அவரே. பாடுகிறவனுக்குத் தொண்டை கட்டினால் பாட்டும் அவரே. காவலூரில் என் பஞ்சர் கடைக்கு எதிரே ஒருமுறை வாசித்தார்கள். பாட்டு ஒரு வரி புரியவில்லை. ஆனால் மத்தளம் அடிக்கிற கையாலேயே டிரம்ஸை அடித்தார், என் நெஞ்சு அதிர்ந்தது. அதை அவரிடம் நான் சொல்லவில்லை.

போன மாதம் ஒரு நாடகக் குழு கூத்தையும் ராக்கையும் கலந்து வேலூரில் புது நாடகம் போட்டது. இசை முழுக்க மாப்பிள்ளை. பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக நோட்டீஸில் அவர் பெயர் தனி வரியில் வந்தது. வெண்ணிலா அதைப் பீரோ கதவில் ஒட்டிவைத்தாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு முதல் காட்சி.

எனக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. எங்கள் அண்ணன் கோபால் மேஸ்திரி வேலை என்று சொல்லிவிட்டுத்தான் ஆந்திராவுக்குப் போனார். போனது செம்மரம் வெட்ட. எங்கள் பக்கம் அதைக் கட்டை வெட்டுவது என்போம். மூன்று வருஷமாக ஜெயிலில் இருக்கிறார். அன்றிலிருந்து ஊரைவிட்டு வேலைக்குப் போகிற யாரையும் நான் நம்புவதில்லை. சூடு கண்ட பூனை நான்.

புதன்கிழமை தங்கை வீட்டுக்குப் போனேன். மாப்பிள்ளை எனக்கு முதுகைக் காட்டிப் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"அஞ்சு கட்டை ஏத்தாதீங்க, தாங்காது. மாட்டிக்குவோம். நாலரைக் கட்டைதான். வெள்ளிக்கிழமை நானே வண்டியில வந்துர்றேன்."

கட்டை, வண்டி, மாட்டிக்குவோம் என்றதும் செம்மரம்தான் என்று முடிவுகட்டினேன். இன்னொருவரையும் ஜெயிலுக்கு அனுப்பிவிட்டு என் தங்கை தனியாக நிற்பாளா? அவரிடமே கேட்டிருக்கலாம். கேட்டால் நாடகம் என்பார், அண்ணன் மேஸ்திரி வேலை என்ற மாதிரி. எனக்குத் தெரியாதா? வழியிலேயே மடக்கிவிட்டால் ஆந்திரா போலீஸ் வரை போகாது என்று கணக்குப் போட்டேன். வெள்ளிக்கிழமை காலை வனத்துறைச் சோதனைச் சாவடிக்குப் போன் செய்து வண்டி அடையாளம் சொன்னேன். பேர் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். அவ்வளவுதான் என் புத்தி.

சாயங்காலம் ஆறரை மணிக்குச் சாவடிக் காவலரிடமிருந்து போன் வந்தது.

"அருள்மணின்னு ஒருத்தர நாலு மணி நேரமா உக்கார வெச்சிருக்கோம். எல்லாப் பெட்டியும் தொறந்து பாத்தாச்சு, வாத்தியம்தான் கீது. கட்டைன்னா சுருதியாம், பாடறதுக்கு நாலரைக் கட்டை அஞ்சு கட்டைன்னு வெப்பாங்களாம். நெசமாங்க? 'எங்க மச்சானக் கேளுங்க, எனக்காக அவரு பேசுவாரு'ன்னு உங்க நம்பரக் குடுத்தாரு."

கூத்துப் பாட்டுக்காரர்கள் சுருதியை அப்படித்தான் சொல்வார்கள். எனக்கும் தெரிந்ததுதான். அன்றைக்கு அது என் காதில் ஏறவில்லை. நான் வாய் திறப்பதற்குள் அவர் குரல் மாறியது.

"இருங்க. இன்னாங்க இது? காலையில தகவல் வந்ததும் இதே நம்பர்லருந்துதானே?"

அப்புறம் போன் கை மாறியது.

"மச்சான்," என்றார் மாப்பிள்ளை. குரலில் கோபமே இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "வெண்ணிலா காலை பஸ்லயே போயி முன்வரிசைல உக்காந்திருக்கா. போன் மேல போன் போடறா. நான் எடுக்கல. இன்னா ஆச்சுன்னு நீங்களே சொல்லிடுங்க."