தடை முடிகிற ஞாயிறு

மீன்பிடித் தடைக்காலம் வந்தால்தான் எங்கள் கதை நடக்கும். விசைப்படகில் டிரைவராக இருக்கும் என் பள்ளித் தோழன் அப்போதுதான் கரையில் இருப்பான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து, சாப்பிட்டு, இன்னொரு நண்பனின் செல்போன் கடை மாடிக்குப் போய்விடுவேன். தோழனும் அவன் மனைவியும் வருவார்கள். ஆளுக்கு ஒரு பாத்திரம் எடுத்துக்கொண்டு, முறை வைத்துப் பேசிப் பேசியே ஒரு கதையை நடத்துவோம். மழை, கலவரம், திருப்பம் எல்லாம் என் பொறுப்பு. ஒருவர் தன் முறையில் சொன்னதை அடுத்தவர் இல்லை என்று சொல்லக் கூடாது. இந்தச் சட்டம் நான் போட்டது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

திருநள்ளாற்றில் ஒரு லாட்ஜில் சாவி கொடுக்கிற வேலை எனக்கு. சனிக்கிழமைக் கூட்டத்தை விட்டால் மற்ற நாளெல்லாம் அங்கே உட்கார்ந்து அடுத்த வாரத்துக்கான திருப்பத்தைத்தான் யோசிப்பேன். முதலாளிக்குத் தெரியாது.

இந்த வருடமும் தோழன் படகுக்காரன் வேடத்தையே எடுத்துக்கொண்டான். லீவில்கூடக் கடலை விடமாட்டாயா என்று கேலி செய்தோம். கடைக்காரன் படகு முதலாளி. தோழனின் மனைவிக்கு இன்ஸ்பெக்டர் வேடம். வீட்டிலும் அதே உத்தியோகம்தான் என்பான் அவன்.

தடை முடிகிற ஞாயிறு எனக்கு ஒரு சிக்கல். மறுநாள் அவன் கடலுக்குப் போய்விடுவான். கதையில் அவன் பாத்திரத்தை என்ன செய்வது? முடித்துவிட்டால் கச்சிதமாக இருக்கும் என்று பட்டது. வாரம் முழுக்க அதை மெருகேற்றினேன். யோசிக்கும்போதே எனக்குப் புல்லரித்தது.

என் முறை வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டேன். புயல் அடித்தது, போன படகெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பின, அவன் படகு மட்டும் திரும்பவில்லை என்று முடித்தேன். பாராட்டுவார்கள் என்றுதான் நிமிர்ந்தேன். கடைக்காரன் கையிலிருந்த போனைத் துடைக்க ஆரம்பித்தான். தோழன் கதைதானே என்று சிரித்தான், அதுவும் பாதியில் நின்றுபோனது. அவன் மனைவி என்னையே பார்த்தாள்.

“நாளைக்குப் போற ஆளை வச்சுக்கிட்டு இதைச் சொல்றீங்களேண்ணே.”

ஆள் கிளம்புகிற நேரத்தில் கடலைப் பற்றி ஒரு தப்பான சொல் அவர்கள் வீட்டில் வராது. எனக்குத் தெரியாததா? அந்த வீட்டில் எத்தனையோ நாள் சாப்பிட்டவன் நான். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. மாற்றிவிடலாம் என்று முனகினேன். சட்டம் சட்டம்தான், இப்போது தன் முறை என்று சொல்லிவிட்டாள்.

“அந்தப் படகு எப்படித் திரும்பும்? பேப்பர் சரியில்லைன்னு காலையிலேயே நான் விடல. எல்லாரும் ஸ்டேஷன்லதான் உட்கார்ந்திருக்காங்க.”

நான் சொன்னதில் ஒன்றைக்கூட அவள் இல்லை என்று சொல்லவில்லை. ஒரு வாரம் உட்கார்ந்து யோசித்த எனக்கு, ஒரு ஆளையாவது காப்பாற்றலாம் என்று தோன்றவே இல்லை. வெட்கத்தில் படியிறங்கும்போது அவர்கள் இருவரையும் முன்னால் போகவிட்டு நின்றேன்.

தடை முடிந்தால் எங்கள் கதையும் நின்றுவிடும். ஆனாலும் அடுத்த ஞாயிறு மகளைக் கூட்டிக்கொண்டு அவள் மாடிக்கு வந்தாள். தோழன் போன படகு இன்னும் கரை திரும்பவில்லை. கதையில் ஸ்டேஷனில் இருப்பவர்களை விட்டுவிடலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

“இவ அப்பா வரட்டும்ணே. வந்தப்புறம் நானே விடுறேன்.”

என் முறை வந்தது. ஸ்டேஷனில் இருந்த எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். அன்றைக்கு மழையைக்கூட நான் வரவிடவில்லை.