பத்தாவது கோடு

இதய, நுரையீரல் ஆஸ்பத்திரியில் எழுபது வயசுக்காரர்கூட அவளைக் கடிகார அக்கா என்றுதான் கூப்பிடுவார். வேலையைச் சொன்னால் சிரிப்பு வரும். நோயாளியை ஆறு நிமிஷம் நடக்கவிட்டு, எவ்வளவு தூரம் போனார் என்று எழுதுவது. "இதுக்கெல்லாமா சம்பளம் தர்றாங்க?" என்று மாமியாரே கேட்டாயிற்று. கேட்கட்டும். ஒருவர் ஆபரேஷனைத் தாங்குவாரா என்று பெரிய டாக்டர்கள் பார்ப்பது இந்த அக்கா எழுதும் எண்ணைத்தான்.

வேலைக்கு இரண்டே சட்டம். நோயாளிக்கு முன்னால் நடக்கக் கூடாது, அவள் வேகத்தைப் பிடிக்க அவர் ஓடப் பார்ப்பார். உற்சாகப்படுத்தவும் கூடாது. நிமிஷத்துக்கு ஒருமுறை, எழுதிக் கொடுத்த வாக்கியம் மட்டும். பதினோரு வருஷம் இப்படியே நடந்து, கடைத்தெருவில் புருஷனோடு போனாலும் இரண்டடி பின்னால்தான் வருவாள். "ஏம்மா, என்னை வேவு பாக்கிறியா?" என்று அவர் திரும்பித் திரும்பிக் கேட்பார்.

அன்றைக்கு வந்தவர் பஸ் கண்டக்டர். நுரையீரலில் கட்டி. வெட்டி எடுத்தால் பிழைப்பார். ஆனால் முந்நூறு மீட்டர் நடந்தால்தான் கத்தியைத் தொடுவேன் என்று சர்ஜன் கறாராகச் சொல்லிவிட்டார். போன மாதம் இருநூற்றைம்பத்தைந்தோடு சரி. அப்புறம் ஒரு மாதம் மூச்சுப் பயிற்சி. இன்றைக்கும் எட்டாவிட்டால் கத்தி கிடையாது, மருந்துதான்; அதை வைத்துக்கொண்டு எத்தனை நாளோ.

வராந்தாவின் இரண்டு முனையிலும் மஞ்சள் கோடு, நடுவே முப்பது மீட்டர். பத்து முறை போய்த் தொட வேண்டும். கண்டக்டரின் மனைவி, முறைக்குக் காத்திருந்த நோயாளிகளோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"வாயைத் திறக்கக் கூடாதும்மா. கத்தினீங்கன்னா டெஸ்ட் செல்லாது," என்றாள் அக்கா.

"நானா? நான் எங்க பேசப்போறேன்!" என்றாள், ஊரையே கூட்டும் குரலில்.

கடிகாரம் ஓடியது. முதல் இரண்டு நிமிஷம் கண்டக்டர் ஜோராக நடந்தார். மூன்றாவதில் தோள் ஏறி இறங்கியது. நான்காவதில் சுவரில் கை ஊன்றி நின்றுவிட்டார். அவர் நிற்கலாம், கடிகாரம் நிற்காது. ஐந்து விநாடி. பத்து. பதினைந்து. நடங்கய்யா, நடங்க என்று கத்த அக்காவுக்கு வாய் துறுதுறுத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். பெஞ்சில் மனைவி கைப்பையின் வாரைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"போலாம்... ரைட்!" என்று தனக்குத்தானே முனகிக்கொண்டு கண்டக்டர் கிளம்பினார்.

ஐந்தாவது நிமிஷமும் முடிந்தது. "நல்லா போறீங்க. இன்னும் ஒரு நிமிஷம் இருக்கு," என்றாள் அக்கா. எழுதிக் கொடுத்த வாக்கியம்தான், குரல்தான் நடுங்கித் தொலைத்தது. எட்டு கோடு முடிந்திருந்தது. இன்னும் அறுபது மீட்டர்.

ஒன்பதாவது கோட்டைத் தொட்டுத் திரும்பினார். வாய் பிளந்திருந்தது, கால் பின்னியது, ஆனாலும் நடந்தார். பெஞ்சில் இருந்த மற்ற நோயாளிகளும் எழுந்து நின்றார்கள். பத்தாவது கோட்டைத் தொட்டுத் திரும்பி, இன்னும் மூன்று எட்டு வைத்தபோது கடிகாரம் கத்தியது.

"நில்லுங்க!"

நாற்காலியை அவருக்கு இழுத்துப் போட்டுவிட்டு, அக்கா மண்டியிட்டு அளந்தாள். ஒரு தடவை போதாமல் இரண்டாம் தடவையும் அளந்தாள். கோட்டிலிருந்து இரண்டு மீட்டர். முந்நூற்றிரண்டு!

மனைவி வாரைத் துப்பிவிட்டுப் போட்ட கூச்சலில் மாடியிலிருந்து நர்ஸ் எட்டிப் பார்த்தார். கண்டக்டர் விரலில் மாட்டிய ஆக்ஸிஜன் கிளிப்பைப் பார்த்து, எண் தேறும்வரை அக்கா பக்கத்திலேயே நின்றாள். அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. காகிதத்தைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, நோயாளியை முந்திக்கொண்டு, சர்ஜன் அறையைப் பார்த்து ஓடினாள். செருப்பு ஒன்று கழன்று வராந்தாவிலேயே கிடந்தது.

பின்னாலிருந்து கண்டக்டர் மூச்சைத் திரட்டிக் குரல் கொடுத்தார்: "நல்லா போறீங்கக்கா! இன்னும் நிறைய நேரம் இருக்கு!"