நோ கம்ப்ளைண்ட், சார்

என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகும் எங்கள் வீட்டில் ஆணி அடிக்கும் சத்தம் நிற்கவில்லை. காலையில் நான் காபிக்குத் தண்ணீர் வைக்கும்போது பின்கட்டிலிருந்து கேட்கும். டொக், டொக். பெரியநாயக்கன்பாளையத்தில் சத்தத்துக்கா பஞ்சம்? லேத்தோ கிரைண்டரோ ஏதாவது ஒன்று கத்திக்கொண்டேதான் இருக்கும். பக்கத்து ஒர்க்‌ஷாப்தான் என்று நானும் இருந்துவிட்டேன். ஆனால் ஒர்க்‌ஷாப்புக்கு லீவு விட்ட ஞாயிற்றுக்கிழமையும் கேட்டது. போய்ப் பார்த்தால் துவைக்கிற கல் மட்டும் கிடக்கும். அந்தக் கல்லின்மேல்தான் அவர் தன் பெல்ட்டை விரித்து, ஆணி வைத்து, புது ஓட்டை போடுவார்.

அவர் கடற்படைக்காரர். கப்பலில் எஞ்சின் ரூம் வேலை. பென்ஷனில் வந்து எங்கள் ஊரிலேயே ஒரு மோட்டார் கம்பெனியில் ஃபோர்மேனாகச் சேர்ந்தார். தொண்ணூறுகளின் நடுவில் அவருக்கு வயிற்றில் வலி வந்தது. வந்தது என்று நான்தான் சொல்கிறேன். அவர் ஒருநாளும் சொன்னதில்லை. பாதிச் சாப்பாட்டில் கை கழுவுவார். பெல்ட்டை ஒரு ஓட்டை உள்ளே இழுத்து மாட்டிக்கொண்டு, வலிக்கிற இடத்தை அமுக்கிப் பிடித்துக்கொண்டு வேலைக்குக் கிளம்புவார். இருந்த ஓட்டையெல்லாம் தீர்ந்துபோனதும் ஆணியை எடுத்தார்.

"ஏனுங்க, வயித்த வலிக்குதுங்களா?"

"ஒண்ணுமில்ல அம்மணி. கம்முனு இரு."

கம்மென்று இருக்கிற பிறவியா நான்? மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும் எனக்கு. சண்டை போட்டு, சோறு தின்னாமல் அடம்பிடித்து, கடைசியில் அவரை ஆஸ்பத்திரிக்குக் கிளப்பினேன்.

மில் ஆட்களுக்கு இ.எஸ்.ஐ. இருக்கிற மாதிரி, எங்களுக்குக் கோயமுத்தூரில் கடற்படை முகாமின் மருத்துவ அறை இருந்தது. கடலே இல்லாத ஊரில் கடற்படைக்கு என்ன வேலை என்று எங்கள் வீதியில் கேலி பேசாத ஆள் கிடையாது. வைத்தியம் இலவசம், மருந்தும் இலவசம். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே பார்ப்பார்கள். ஒரே ஒரு சங்கடம். என்ன செய்கிறது என்று நாம்தான் வாயைத் திறந்து சொல்ல வேண்டும்.

கிளம்பும்போது அவர் கண்ணாடி முன்னால் நின்று முகம் மழித்தார். சட்டைக்கு இஸ்திரி போட்டார். ஷூவைத் துடைத்து மின்ன வைத்தார். பெண் பார்க்கப் போகிற மாதிரி இருந்தது. நோயாளிபோல நாலு நாள் தாடியோடு போனால்தானே டாக்டருக்குத் தெரியும் என்று கேட்டேன். ஆபீசர் முன்னாடி அப்படியெல்லாம் போகக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

என்னை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு உள்ளே போனார். நடுவில் ஒரு பச்சைத் திரைதான். ஷூ இரண்டும் சேர்ந்து தரையில் தட்டும் சத்தம் கேட்டது. டாக்டர் வடக்கத்திக்காரர். இந்தியில் ஏதோ கேட்டார். என் வீட்டுக்காரர் கணீரென்று சொன்னார்.

"நோ கம்ப்ளைண்ட், சார்!"

சத்து மாத்திரையை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பஸ்ஸில் ஏறியதும் பிடித்துக்கொண்டேன். "ஏனுங்க, வாய்ல என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்தீங்க?"

அன்றைக்குத்தான் அவர் விவரம் சொன்னார். கப்பலில் வேலை செய்கிறவன் உடம்புக்கு முடியவில்லை என்று டாக்டரிடம் போய் நின்றால், உடல் தகுதியைக் குறைத்து எழுதிக் கரையில் இறக்கிவிடுவார்களாம். கூடவே வேலை செய்த ஒருவன் முதுகு வலி என்று சொல்லப்போய், அவனைத் துறைமுகத்திலேயே நிறுத்திவிட்டுக் கப்பல் கிளம்பிவிட்டது. அவன் கரையில் பெட்டியோடு நின்றதை இவர் மேலே இருந்து பார்த்திருக்கிறார். அதிலிருந்து காய்ச்சல், கட்டி, எது வந்தாலும் டாக்டர் கேட்டால் இந்த ஒரே பதில்தான். பல்லைக் கடித்துக்கொண்டு கப்பலில் போய்விடுவார்கள். எல்லோருமே அப்படித்தானாம். அதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமை வேறு.

"இப்ப எந்தக் கப்பலுங்க உங்களுக்காக நிக்குது?" என்றேன்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்கப்புறமும் அதே திரை, அதே தட்டல், அதே பதில். பெல்ட்டில் ஓட்டை மட்டும் ஏறிக்கொண்டே போனது. கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், கல்யாணத்தில் பார்த்த மனுஷனைத் தேட வேண்டியிருந்தது. எனக்குப் பயம் பிடித்துவிட்டது. கோபமாகவே வெளியே வந்த பயம்.

கடைசியாகப் போன நாளில் நான் பெஞ்சில் உட்காரவில்லை. அவர் 'நோ' என்று ஆரம்பித்ததுமே திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

"பொய்யுங்க டாக்டர்! முழுப் பொய்யுங்க! ராத்திரியெல்லாம் சுருண்டு சுருண்டு கெடக்கறாருங்க. இந்தப் பெல்ட்டப் பாருங்க!"

டாக்டருக்குத் தமிழ் தெரியாது. ஊசி போடுகிற பாலக்காட்டுப் பையன் திகைத்துப்போய் இந்தியில் சொன்னான். டாக்டர் பெல்ட்டைப் பார்த்தார். ஆணி போட்ட ஓட்டைகளை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, கட்டிலைக் காட்டினார். வயிற்றில் கை வைத்து அமுக்கியபோதுகூட என் வீட்டுக்காரர் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு விறைப்பாகத்தான் கிடந்தார். கண்ணோரத்தில் மட்டும் தண்ணீர் வழிந்தது.

அன்றைக்கே ஆம்புலன்ஸில் மலைமேல் இருக்கிற பெரிய ராணுவ ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். மேட்டுப்பாளையம் ரோட்டில்தான் போக வேண்டும். எங்கள் வீதி முக்கு வந்ததும் அவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். "நம்ம ஊடு" என்றார். வண்டி நிற்கவில்லை. வீடு இருக்கிற வீதியைத் தாண்டி அந்த ஆம்புலன்ஸ் போனது இப்போதும் கனவில் வருகிறது. நிறுத்துங்க, நிறுத்துங்க என்று கத்தி எழுந்துகொள்கிறேன்.

அங்கே வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு, வெட்டியெடுக்கிற நிலையில் இல்லை என்று மூடிவிட்டார்கள். ஒரு நர்ஸம்மா என் கையைப் பிடித்துக்கொண்டுதான் அதைச் சொன்னார். என் வீட்டுக்காரர் பெயரை ஆபத்தான நோயாளிகளின் பட்டியலில் சேர்த்ததால் நான் கூடவே இருக்க விட்டார்கள். டாக்டர்கள் சுற்றி வரும் நேரத்தில் மட்டும் கூட இருப்பவர்கள் வராந்தாவுக்குப் போய்விட வேண்டும்.

அந்த ரவுண்ட்ஸை முதல் நாள் ஜன்னல் வழியாகப் பார்த்து அசந்துபோனேன். ஆர்டர்லி உரக்கக் குரல் கொடுத்ததும் நடக்க முடிந்தவர்கள் அவரவர் கட்டில் பக்கத்தில் விறைப்பாக நின்றார்கள். எழுந்திருக்க முடியாதவர்கள் படுக்கையிலேயே அட்டென்ஷன். காலைச் சேர்த்து, கையைத் தொடையோடு ஒட்டி, முகம் நேராக. சிலருக்குச் சிரிப்புக்கூட வந்தது. என் வீட்டுக்காரர்தான் வார்டிலேயே நேராகப் படுத்திருந்தவர். பெரிய டாக்டர் கேட்டார். பதில் வராந்தா வரைக்கும் கேட்டது.

"நோ கம்ப்ளைண்ட், சார்!"

"அடப்பாவி மனுசா!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். பக்கத்தில் நின்ற ஒரு சிப்பாயின் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அவள் புருஷனும் அதே ரகம்தானாம்.

வலிக்கு ஊசி இருந்தது. கேட்டால் கூட்டிப் போடுவார்கள். நான் போய் நர்ஸிடம் சொன்னால், அவர் வந்து கேட்பார், இந்தக் கல்லுளிமங்கர் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டுவார். அப்புறம் போர்வைக்குள் என் கையைப் பிடித்து நெரிப்பார். என் வளையல் நசுங்கியதெல்லாம் அந்த நாட்களில்தான்.

ஒரு சாயங்காலம் மழை பெய்து ஓய்ந்திருந்தது. ஜன்னலுக்கு வெளியே மரமே தெரியாமல் மஞ்சு மூட்டம் இறங்கியிருந்தது. அவர் அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"அம்மணி. வலிக்குது."

எத்தனை வருஷம் அந்த ஒரு சொல்லுக்காகச் சண்டை போட்டிருப்பேன்! இவ்வளவு நாளும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா எறக்கி உட்ருவாங்கல்ல?" என்றார், குழந்தை மாதிரி.

"எங்கிருந்துங்க எறக்குவாங்க? இது ஆஸ்பத்திரிங்க. கப்பல் எப்பவோ போயிருச்சுங்க."

அவர் மறுபடி மஞ்சைப் பார்த்தார். என்னை நம்பினாரா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் விடவில்லை. "இப்பவே நர்ஸம்மாவக் கூப்படட்டுங்களா?" என்றேன். வேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

"காத்தால பெரிய டாக்டர் வருவாருல்ல. நானே சொல்லிப்போடறேன்."

"சத்தியமாங்க?"

"சத்தியமா."

காலையில் முகத்தைத் துடைத்துவிடச் சொன்னார். தலையை வாரிவிட்டேன். போர்வையை இழுத்துச் சரிசெய்யச் சொல்லி, "போ, நேரமாச்சு, சொல்லிப்போடறேன்" என்றார். ஆர்டர்லியின் குரல் கேட்டதும் வராந்தாவுக்கு ஓடி ஜன்னலில் ஒட்டிக்கொண்டேன். மற்றவர்கள் இன்னும் கட்டிலைப் பிடித்து எழுந்துகொண்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர் அதற்குள் தயார். காலைச் சேர்த்து, கையைத் தொடையோடு ஒட்டி, முகம் நேராக.

பெரிய டாக்டர் ஒவ்வொரு கட்டிலாக வந்தார். இவர் கட்டிலுக்கு வந்து, குனிந்து, தினமும் கேட்கிற அதே கேள்வியைக் கேட்டார். பதில் வரவில்லை. எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல! இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவர் அதைச் சொல்லவில்லை. இதோ, உண்மையைச் சொல்லப்போகிறார், சங்கடப்படுகிறார், அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

டாக்டர் மறுபடி கேட்டார். பிறகு தொடையோடு ஒட்டியிருந்த அவர் கையை எடுத்து நாடி பார்த்தார். கழுத்தில் விரல் வைத்தார். நர்ஸம்மா திரையை இழுக்கப் போனார். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, சொல்லுங்க, வலிக்குதுன்னு சொல்லுங்க, நேத்துச் சத்தியம் பண்ணுனீங்கல்ல, சொல்லுங்க என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.