அண்ணன் ஒழித்துக் கொடுத்த அறை

செம்மேட்டுத் தையல்கடையில் ரவிக்கைக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு மாரியம்மா போன் செய்தார். "அம்மிணி, உங்கண்ணன் தோட்டத்துல மயங்கி விழுந்துட்டாருங்க. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே..." என்றார். ஊருக்குப் போகும் வளப்பூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

என் அண்ணன் பொன்னுசாமி நல்ல மிளகு விவசாயி என்று எல்லோருக்கும் தெரியும். அவரோடு ஒரே வீட்டில் இருந்தவர்களுக்குத் தெரிந்த பொன்னுசாமி வேறு. பொங்கல் நெருங்கிவிட்டால் மனிதர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஒட்டடைக் கோலோடு கிளம்பிவிடுவார். ஆம்பளைக்கு எதற்கு இந்த வேலை என்று ஊரில் கேலி பேசுவார்கள். "நானுந்தானுங்க இந்த ஊட்டுல குப்பை போடறேன்" என்பார். கேட்டவர்கள் வாயை மூடிக்கொண்டு போவார்கள்.

அவருக்கென்று ஒரு சட்டம் இருந்தது. சாமான் பூராவும் வாசலுக்கு வந்துவிடும். சுண்ணாம்பு அடித்துக் காய்ந்ததும், எது யாருடையதோ அவர்களே தூக்கிக்கொண்டு உள்ளே போக வேண்டும். யாரும் உரிமை கேட்காத சாமான் அதோடு சரி, குப்பைக்குப் போய்விடும். கல்யாணமாகி வந்த புதிதில் அண்ணிக்கு இது தெரியவில்லை. பலாக்கொட்டை கெடாமல் இருக்க மண்ணோடு பானையில் போட்டு வைத்திருந்தார். அண்ணன் அதை வெறும் மண் என்று நினைத்துக் கொல்லையில் கொட்டிவிட்டார். மழைக்கு அத்தனையும் முளைத்துக்கொண்டு நின்றது. குழம்புக்குப் பலாக்கொட்டை இல்லாத நாளெல்லாம் அண்ணி அதைச் சொல்லிக்காட்டாமல் விட்டதில்லை. அண்ணனும் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடுவார்.

கணவர் வீட்டில் இனி இருக்க முடியாது என்று நான் ஒரே ஒரு பெட்டியோடு திரும்பி வந்தது ஒரு மார்கழிக் கடைசியில். அப்பாவின் தங்கை, எங்கள் அத்தை, அன்றே வந்துவிட்டார். "இருக்கறது ரெண்டு ரூமு. ஒண்ணுல மிளகு மூட்டை. இவளுக்கு எடம் எங்க இருக்குது? பேசி அனுப்பி வைங்க" என்றார். அண்ணன் எழுந்து சுண்ணாம்பை ஊற வைக்கப் போனார்.

மறுநாள் காலையில் அவர் வீட்டை ஒழிக்க ஆரம்பித்தார். மூட்டைகளோடு என் பெட்டியும் வாசலுக்கு வந்தது. சாயங்காலம் அவரவர் சாமானை அவரவர் எடுத்துப் போனார்கள். என் பெட்டி மட்டும் பனியில் கிடந்தது. அதைத் தொட எனக்குத் தைரியம் வரவில்லை. அத்தை பார்த்துக்கொண்டே இருந்தார்.

அண்ணன் சுண்ணாம்புக் கையோடு வெளியே வந்தார். "இது யாருது?"

"என்னுதுங்கண்ணா."

"உன்னுதுன்னா எடுத்துட்டு உள்ள போ சாமி. சின்ன ரூமு காஞ்சிருச்சு."

மிளகு மூட்டைகள் அவருடைய கட்டிலடிக்குப் போயின. அந்த வருஷம் பூராவும் அண்ணனும் அண்ணியும் தும்மிக்கொண்டேதான் படுத்தார்கள். ஒரு நாளாவது யாராவது முகம் சுளித்தார்களா என்று கேட்டால், இல்லை. இப்படி ஓர் அண்ணனுக்குத் தங்கையாகப் பிறந்தேன் என்பதில் எனக்கு இருக்கும் பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

அண்ணனை மயானத்துக்குத் தூக்கிக்கொண்டு போன பிறகு வீடு கழுவ வேண்டும். யாரையும் எதிர்பார்க்காமல் நானே சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். சின்ன அறை வாசலில் அத்தை காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். "அண்ணனும் போயிட்டான். இனி நீ எங்க கண்ணு இருப்ப?" என்றார்.

"காலைக் கொஞ்சம் எடுங்கத்தை. எங்கூட்டைக் கழுவோணும்" என்றேன்.

அத்தை காலை மடக்கிக்கொண்டார். அழுது ஓய்ந்திருந்த அண்ணி எழுந்துபோய் இன்னொரு குடம் தண்ணீர் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தார். இரண்டு பேருமாகத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினோம்.

போயிட்டு வாங்கண்ணா. ஊடு சுத்தமா இருக்குதுங்க.